சந்திரசேகர் எழுதாமல் விட்ட புத்தகம்

மேட்டூரில் தண்ணீர் திறந்தால் சில நாட்களில் கல்லணைக்கு வந்துவிடும். அமைச்சர்களும் கலெக்டர்களும் வந்து பூவும் விதைநெல்லும் தூவி ஷட்டரைத் தூக்குவார்கள். ஒரு வருஷம் பெரியப்பாவோடு நானும் போயிருந்தேன். கூட்டம் கலைந்த பிறகு வெண்ணாற்று மதகுப் பக்கம் நின்றுகொண்டிருந்தோம். மதகுக்கு மேலே தண்ணீர் தரையில் பாய் விரித்த மாதிரி அசையாமல் கிடந்தது. கீழே விழுந்ததும் வேறு தண்ணீர். ஒரு பெரிய சுழல், அதன் விளிம்பில் ஏழெட்டு சின்னச் சுழல்கள், அவற்றின் விளிம்பில் இன்னும் பொடிசாக. மேலிருந்து மிதந்து வந்த ஒரு வெங்காயத்தாமரை மதகைத் தாண்டியதும் நாலு பக்கமும் இழுபட்டது.

"இந்த எடத்துல எந்தப் பக்கம் போவணும்னு தண்ணிக்கே தெரியாது தம்பி" என்றார் பெரியப்பா.

நான் இஞ்சினியரிங் படித்தவன். ரெனால்ட்ஸ் எண் இவ்வளவைத் தாண்டினால் சீரான ஓட்டம் கொந்தளிப்பாக மாறும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன். ஆனால் பெரியப்பா சொன்னதற்கு மேல் அன்றைக்கு என்னிடம் சொல்ல எதுவும் இருக்கவில்லை. அந்தச் சங்கடத்தில்தான் வீட்டுக்கு வந்து, எப்போதோ வாங்கி நாற்பதாவது பக்கத்தில் மூடி வைத்திருந்த சந்திரசேகரின் 1961 புத்தகத்தைத் திரும்ப எடுத்தேன்.

*

டெல்டாக்காரர்களுக்கு சுப்ரமணியன் சந்திரசேகர் மேல் ஒரு உரிமை உண்டு. நோபல் பரிசு அறிவிக்கும் வாரத்தில் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் 'தஞ்சை மண்ணின் மைந்தர்' என்று அவர் படம் தவறாமல் வரும். கறாராகப் பார்த்தால் அவர் பிறந்தது லாகூரில், 1910 அக்டோபர் 19 அன்று. அப்பா ரயில்வே கணக்குத் துறை அதிகாரி. பிறகு லக்னோ, 1918-இலிருந்து சென்னை, மாநிலக் கல்லூரி, 1930-இல் கேம்பிரிட்ஜ், 1937-இலிருந்து கடைசிவரை சிகாகோ பல்கலைக்கழகம். தஞ்சாவூர் என்பது அவருடைய முன்னோர் மாங்குடிப் பக்கம் பயிர் செய்து பிழைத்தவர்கள் என்ற அளவில்தான். தாத்தா வாத்தியார் வேலைக்கு விசாகப்பட்டினம் போனார். பிள்ளைகள் அரசு வேலைக்குப் போனார்கள். சித்தப்பா சி.வி. ராமன் பிறந்தது மட்டும் 1888-இல் திருவானைக்காவலில், கல்லணைக்குச் சற்று மேற்கே, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில். மாங்குடி என்ற பெயரில் டெல்டாவில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்கள் இருப்பதால் ஆளுக்கொரு மாங்குடியைக் காட்டுவார்கள். எனக்கு அந்தக் குடும்பத்தில் பிடித்த செய்தி வேறு: சந்திரசேகரின் அம்மா சீதாலட்சுமி, இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர்.

வாட்ஸப் செய்தியில் கப்பல் பயணம் இருக்கும், வெண்குறு விண்மீனின் நிறை எல்லை இருக்கும், 1935-இல் எடிங்டன் சபையில் வைத்து அவரைக் கேலி செய்தது இருக்கும், 1983 நோபல் இருக்கும். எல்லாம் உண்மை. அதில் இல்லாதது, அவர் பத்து வருஷம் உழைத்தும் பிடிபடாமல் போன ஒரு விஷயம். அதுதான் மதகுக்குக் கீழே நாங்கள் பார்த்தது.

சந்திரசேகரின் வேலைமுறை பிரசித்தம். ஒரு துறைக்குள் நுழைவார். பல வருஷம் கட்டுரை கட்டுரையாக எழுதுவார். பிறகு ஒரு பெரிய புத்தகம் போட்டுக் கதவைச் சாத்திவிட்டு அடுத்த துறைக்குப் போய்விடுவார். 1939-இல் விண்மீன் அமைப்பு, 1950-இல் கதிர்வீச்சுப் பரிமாற்றம், 1969-இல் சுழலும் நீள்கோளங்கள், 1983-இல் கருந்துளைகள். நடுவில் 1940-களின் கடைசியிலிருந்து டர்புலன்ஸ், அதாவது கொந்தளிப்பு. ஹைசன்பர்க் எழுதிய கொந்தளிப்புச் சமன்பாட்டுக்கு 1949-இல் தீர்வு கண்டார். அதே வருஷம் அமெரிக்க வானியல் சங்கத்தின் ரஸ்ஸல் நினைவுச் சொற்பொழிவுக்கும் கொந்தளிப்பையே தலைப்பாக எடுத்தார். பிறகு காந்தப்புலத்தையும் அதற்குள் கொண்டுவந்தார். 1955-இல் ராயல் சொசைட்டி இதழில் 'கொந்தளிப்பைப் பற்றிய ஒரு கோட்பாடு' என்ற துணிச்சலான தலைப்பில் சொந்தக் கோட்பாட்டை வெளியிட்டார். அது நிற்கவில்லை. இன்றைய பாடப்புத்தகங்களில் அதற்கு இடம் அநேகமாகக் கிடையாது.

கொந்தளிப்புக்கு அவர் புத்தகம் எழுதவில்லை. 1961-இல் வந்தது நிலைத்தன்மை பற்றிய புத்தகம்: ஒரு சீரான ஓட்டம், சூடாக்கினாலோ சுழற்றினாலோ காந்தப்புலத்தில் வைத்தாலோ எந்தக் கட்டத்தில் குலைய ஆரம்பிக்கும்? 650 பக்கமும் அதுதான். குலைந்த பிறகு என்ன ஆகும் என்பதற்குள் அது போகாது. மதகின் விளிம்பு வரைக்கும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து, அங்கேயே விட்டுவிடும் புத்தகம்.

அந்தக் கணக்குகளைப் போட்ட கை பெரும்பாலும் அவருடையது அல்ல என்பதையும் சொல்லவேண்டும். டோனா எல்பர்ட் என்ற பெண் 1948-இல் யெர்கீஸ் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஏறத்தாழ 30 வருஷம் அவருக்காகக் கையாலும் மேசைக் கணக்குப்பொறியாலும் எண்களைப் போட்டுக்கொண்டே இருந்தார். அந்த 1961 புத்தகத்தில் எல்பர்ட் கண்டுபிடித்தது என்று சந்திரசேகரே குறித்திருந்த ஒரு விளைவுக்கு, 2022-இல்தான் 'எல்பர்ட் வீச்சு' என்று பெயர் வைத்தார்கள். நான் தினமும் நாலு வரி நிரலை எழுதிவிட்டு அது ஓடி முடிக்க அரை மணி நேரம் ஆகிறது என்று சலித்துக்கொள்கிறவன். எல்பர்ட்டைப் பற்றிப் படித்த பிறகு கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

*

விண்மீன்காரர் ஒருவருக்குக் கொந்தளிப்பில் என்ன அக்கறை? அதற்குக் காஸ்மிக் கதிரில் இருந்து வரவேண்டும்.

1912-இல் விக்டர் ஹெஸ் பலூனில் ஏறி, உயரே போகப் போகக் கதிர்வீச்சு கூடுவதைக் கண்டார். வானத்திலிருந்து ஏதோ வருகிறது. வருவது பெரும்பாலும் புரோட்டான்கள். அவை மேல்காற்றில் மோதிச் சிதறுவதில் பிறக்கும் மியூவான்கள், தரைமட்டத்தில் சதுர சென்டிமீட்டருக்கு நிமிஷத்துக்கு ஒன்று என்ற கணக்கில் நம்மை ஊடுருவிப் போகின்றன. நடவு வயலில் குனிந்திருக்கும் முதுகையும் சேர்த்துத்தான். தமிழ்நாடு பூமியின் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் ஆற்றல் குறைந்த கதிர்களைப் பூமியின் காந்தப்புலமே திருப்பி அனுப்பிவிடும். நம்மிடம் வந்து சேருவது எல்லாம் வலுத்தவை. ஊட்டியில் உள்ள கிரேப்ஸ்-3 ஆய்வகம் இந்த மியூவான்களை எண்ணுகிறது. எண்ணும் இரும்புக் குழாய்கள், கோலார் தங்கவயலில் பூமிக்கடியில் நடந்த பழைய பரிசோதனை முடிந்ததும் மலைக்குக் கொண்டுவரப்பட்டவை.

இவற்றுக்கு இவ்வளவு ஆற்றலைக் கொடுத்தது யார்? 1949-இல் சிகாகோவில் என்ரிக்கோ ஃபெர்மி ஒரு பதில் சொன்னார். விண்மீன்களுக்கு நடுவே வாயு மேகங்கள் அலைகின்றன. மேகங்களோடு சேர்ந்து காந்தப்புலமும் அலைகிறது. ஒரு புரோட்டான் எதிரே வரும் மேகத்தில் மோதித் திரும்பினால் வேகம் கூடும், விலகிப்போகும் மேகத்தைத் துரத்திப்போய் மோதினால் குறையும். இரண்டும் சமமாகிவிடாதா? ஆகாது. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணத்துக்கு பைக்கில் போய்ப் பாருங்கள். நீங்கள் முந்துகிற பஸ்ஸை விட எதிரே வருகிற பஸ்தான் அதிகம். அதே மாதிரி எதிர்மோதல் எப்போதும் கொஞ்சம் கூடுதல். அந்தக் கொஞ்சம் கோடிக்கணக்கான வருஷத்தில் வட்டிமேல் வட்டியாகப் பெருகும்.

இந்தக் கதை நிற்கவேண்டும் என்றால் நம் பால்வீதியில் காந்தப்புலம் இருக்கவேண்டும். எவ்வளவு? அங்கே போய்க் காந்த ஊசியை வைக்க முடியாது. ஃபெர்மியும் சந்திரசேகரும் அப்போது ஒரே பல்கலைக்கழகத்தில் இருந்தார்கள். 1952-53 வாக்கில் ஒழுங்காகச் சந்தித்து வானியற்பியல் பேசினார்கள். அந்தப் பேச்சிலிருந்து வந்தவை 1953-இல் அஸ்ட்ரோஃபிசிகல் ஜர்னலில் அடுத்தடுத்து அச்சான இரண்டு கட்டுரைகள். முதலாவது மூன்றே பக்கம்.

அந்த மூன்று பக்கத்துக்கு முன்கதை ஒன்று உண்டு. சூடான விண்மீனின் விளிம்பிலிருந்து வரும் ஒளி ஒரு திசையில் முனைவாக்கம் பெற்றிருக்கும் என்று 1946-இல் சந்திரசேகர் கணக்கிட்டிருந்தார். அதைப் பிடிக்க ஹில்ட்னர், ஹால் என்ற இரண்டு வானியலாளர்கள் ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீன்களைப் பார்த்தார்கள். முனைவாக்கம் இருந்தது. ஆனால் விண்மீன் மறைந்தாலும் விலகினாலும் அது மாறவில்லை. அது விண்மீனில் நடப்பதல்ல, வழியில் இருக்கும் தூசியில் நடப்பது என்று 1949-இல் தெரிந்தது. தூசித் துகள்கள் காந்தப்புலத்தில் வரிசை கட்டி நிற்கின்றன. அவற்றின் ஊடே வரும் ஒளி, அங்கே புலம் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறது. தேடியது ஒன்று, கிடைத்தது இன்னொன்று. கிடைத்ததுதான் பெரியது.

புலத்தின் திசை தெரிந்துவிட்டது. வலிமை? துணி காயப்போடும் கொடியை நினைத்துக்கொள்ளுங்கள். காற்றடிக்கும்போது தொய்வாகக் கட்டிய கொடி கன்னாபின்னாவென்று ஆடும். இறுக்கிக் கட்டியது லேசாகத்தான் அசையும். காற்றின் வேகமும் கொடியின் கனமும் தெரிந்தால், ஆட்டத்தைப் பார்த்தே எவ்வளவு இறுக்கிக் கட்டியிருக்கிறது என்று சொல்லிவிடலாம். மின்கடத்தும் வாயுவில் காந்தக் கோடுகள் இப்படித்தான் அதிரும் என்று ஸ்வீடன்காரர் ஆல்ஃப்வேன் 1942-இலேயே காட்டியிருந்தார். கொந்தளிப்பு வாயுவை நொடிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் அலைக்கழிக்கிறது. முனைவாக்கத் திசைகள் சராசரியாக 0.2 ரேடியன், அதாவது 11 டிகிரி சிதறியிருக்கின்றன. வாயுவின் அடர்த்தி தோராயமாகத் தெரியும். பெருக்கி வகுத்தால் 7.2 மைக்ரோகாஸ். தஞ்சாவூரில் பூமியின் காந்தப்புலம் சுமார் 0.4 காஸ், அதில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. வேறொரு வழியில், வாயுவின் அழுத்தத்தையும் ஈர்ப்பையும் சமன்செய்து பார்த்தபோது 6 வந்தது.

இதே யோசனையை லெவரட் டேவிஸ் என்பவர் 1951-இலேயே வெளியிட்டிருந்தார். இப்போது மூன்று பேரையும் சேர்த்து டேவிஸ்-சந்திரசேகர்-ஃபெர்மி முறை என்கிறார்கள். வெகுகாலம் டேவிஸின் பெயர் விட்டுப்போயிருந்தது. ஃபெர்மி 1954 நவம்பரில், 53 வயதில் புற்றுநோயால் இறந்தார்.

எனக்கு இதில் நெருடுவது இதுதான். கொந்தளிப்பை முழுசாகத் தீர்த்துவிடவேண்டும் என்று சந்திரசேகர் எழுதிய கனமான கட்டுரைகள் பயன்பாட்டிலிருந்து போய்விட்டன. கொந்தளிப்பைத் தீர்க்காமல், அது 5 கிலோமீட்டர் வேகத்தில் எதையோ ஆட்டுகிறது என்று மட்டும் எடுத்துக்கொண்டு போட்ட மூன்று பக்கக் கணக்கை இன்றும் தூசி மேகங்களை அளக்கிறவர்கள் திருத்தித் திருத்திப் பயன்படுத்துகிறார்கள். பெருமைக்குரியது எது என்று அவரிடம் கேட்டிருந்தால் அவர் அந்த மூன்று பக்கத்தைச் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

*

ஃபெர்மியின் யோசனைக்கும் ஒரு சரிவு வந்தது. பால்வீதிக்குள் அந்த முறை ரொம்ப மெதுவானது. 1970-களின் கடைசியில், வெடித்த விண்மீன்களின் அதிர்ச்சி அலைகள்தான் காஸ்மிக் கதிர்களை வேகமாக முடுக்குகின்றன என்ற கருத்து வலுப்பெற்றது. 1949-இன் அலையும் மேகங்கள் பின்னுக்குப் போயின. அவை திரும்பி வந்தது இன்னும் பெரிய இடத்தில்: கேலக்ஸிக் கொத்துகளில்.

நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரத்துக்கு மேல் கேலக்ஸிகள் ஈர்ப்பால் கட்டுண்டு கிடக்கும் கூட்டம் அது. கோமா கொத்தை வைத்துத்தான் ஸ்விக்கி 1933-இல் கண்ணுக்குத் தெரியாத பொருள் இருக்கவேண்டும் என்றார். கேலக்ஸிகளுக்கு நடுவே காலி இடம் இல்லை. கோடி டிகிரி சூட்டில் மெலிந்த வாயு நிரம்பியிருக்கிறது. 1959-இல் இங்கிலாந்தின் ஜோட்ரல் பேங்க் தொலைநோக்கியில் கோமாவிலிருந்து பரந்த ரேடியோ ஒளி தெரிந்தது. 1970-இல் கேம்பிரிட்ஜில் வில்சன் உறுதியாகச் சொன்னார்: இது தனித்தனிக் கேலக்ஸிகளின் ஒளி அல்ல, நடுவில் உள்ள வெளியே ஒளிர்கிறது. காந்தப்புலத்தைச் சுற்றி, ஒளியின் வேகத்துக்கு மிக அருகில் எலக்ட்ரான்கள் ஓடினால்தான் இப்படி ஒளிரும். ஆக அங்கே காஸ்மிக் கதிர் இருக்கிறது, காந்தப்புலமும் இருக்கிறது.

இங்கே ஒரு சிக்கல். அப்படி ஒளிரும் எலக்ட்ரான் பத்துக் கோடி வருஷத்தில் ஆற்றலை இழந்து அணைந்துவிடும். அதற்குள் அதனால் போகமுடிகிற தூரம் கொஞ்சம்தான். ஒளிரும் பரப்போ முப்பது லட்சம் ஒளியாண்டு. மேட்டூரில் திறந்த தண்ணீர் பாதியிலேயே வற்றிவிடும் என்று நமக்குத் தெரியும்; ஆனால் கடைமடையில் போய்ப் பார்த்தால் வாய்க்கால் நிறைய ஓடுகிறது. அப்படியென்றால் வழியெல்லாம் யாரோ போர்செட் போட்டு இறைக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? கொத்துகளில் அந்த போர்செட், கொந்தளிப்பு. இரண்டு கொத்துகள் மோதிச் சேரும்போது வாயு கலங்குகிறது. களைத்துப்போன பழைய எலக்ட்ரான்களை அந்தக் கலக்கம் மறுபடி தட்டி ஓடவிடுகிறது. எதிரே வருவது கொஞ்சம் கூடுதல் என்ற ஃபெர்மியின் அதே கணக்குதான். பால்வீதிக்கு மெதுவாக இருந்தது இங்கே போதுமானதாக இருக்கிறது.

இதைச் சோதித்ததில் நம் ஊர்க் கருவிக்குப் பெரிய பங்கு உண்டு. ஊட்டியில் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியை, மலைச்சரிவின் சாய்வு அந்த ஊரின் அட்சரேகைக்குச் சமமாக இருக்கும் இடமாகத் தேடிப்பிடித்து, 1970-இல் கட்டி முடித்தவர் கோவிந்த் ஸ்வரூப். அவரே பிறகு புனேவுக்கு வடக்கே நாராயண்காவ் பக்கம் கோடாட் கிராமத்தில், ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுள்ள 30 தட்டுகளைக் கொண்ட ஜிஎம்ஆர்டி-யை எழுப்பினார். அந்தத் தொலைநோக்கியில் கொத்துகளை வரிசையாக எடுத்துப் பார்த்த ஆய்வுகள் 2007, 2008-இலிருந்து வெளிவந்தன. கிடைத்தது தெளிவானது. மோதிக்கொண்டிருக்கும் கொத்துகள் ஒளிர்கின்றன. அமைதியாக இருப்பவை பெரும்பாலும் இருட்டு. ஷட்டர் திறந்தால்தான் சுழல்.

கொந்தளிப்பின் வேகத்தை நேராக அளந்தது ஜப்பானின் ஹிட்டோமி செயற்கைக்கோள். 2016 பிப்ரவரியில் ஏவினார்கள், மார்ச் கடைசியில் கட்டுப்பாடு இழந்து உடைந்து போயிற்று. அந்த ஐந்து வாரத்துக்குள் பெர்சியஸ் கொத்தின் மையத்தைப் பார்த்துவிட்டிருந்தது. வாயு கலங்கும் வேகம் நொடிக்கு 164 கிலோமீட்டர். நடுவில் ஒரு கருந்துளை ஊதித்தள்ளிக்கொண்டிருக்கிற இடத்துக்கு இது சாதுவான வேகம். அதன் வாரிசான எக்ஸ்ரிஸம் 2023-இல் மேலே போயிருக்கிறது.

காந்தப்புலம் அங்கே எப்படி வந்தது? இதில் எனக்குப் பிடித்த கட்டுரை 2006-இல் வந்தது. எழுதிய மூவரில் முதல் பெயர், புனேயின் ஐயூகா நிறுவனத்தைச் சேர்ந்த கந்தசுவாமி சுப்பிரமணியன். கலங்கும் வாயு தன்னோடு ஒட்டிய காந்தக் கோடுகளை இழுத்து, மடித்து, திரும்ப இழுக்கிறது. புரோட்டாவுக்கு மாவை வீசி மடிப்பது மாதிரி. இழுக்க இழுக்கப் புலம் வலுக்கிறது. கொத்து மோதும் காலத்தில் நொடிக்கு சுமார் 300 கிலோமீட்டர் கொந்தளிப்பு, சுமார் 2 மைக்ரோகாஸ் புலம். மோதல் ஓய்ந்த பிறகு? உடனே செத்துவிடாது, மெள்ள மெள்ளத்தான் தேயும். அதோடு சின்னக் கூட்டங்களும் கேலக்ஸிகளும் வாயுவைக் கிழித்துக்கொண்டு போகும்போது பின்னால் ஒரு கலங்கல் வால் உண்டாகும். ஆற்றுப் பாலத்தின் தூணுக்குப் பின்னால் நீண்டு கிடக்குமே, அது. முக்கியமாக, அந்தப் புலம் எங்கும் சமமாகப் பரவியிருப்பதில்லை. இங்கே ஒரு நூல், அங்கே ஒரு கிழிசல் நாடா, நடுவில் அநேகமாக ஒன்றுமில்லை. 1950-களில் சந்திரசேகர் நம்பியிருந்த சராசரிகளுக்குள் இந்தக் கிழிசல் அகப்படாது. எல்பர்ட்டின் மேசைப்பொறியாலும் முடியாது. கணினிகள் வந்து, சுழலைச் சுழலாகவே ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் கண்ணில் பட்டது. அப்போதும் தீர்ந்துவிட்டது என்று யாரும் புத்தகத்தை மூடவில்லை.

இன்னொன்றும் மூடப்படாமல் கிடக்கிறது. இழுத்து மடிப்பது, இருக்கிற புலத்தைப் பெருக்கும். பூஜ்யத்தைப் பெருக்கினால் பூஜ்யம்தான். ஆரம்பத்தில் ஏதோ கொஞ்சம் இருந்திருக்கவேண்டும். அயனியான வாயுவில் சூடும் அடர்த்தியும் வெவ்வேறு திசையில் சரியும்போது தானாகவே மிகச் சின்ன மின்னோட்டம் கிளம்பும் என்று 1950-இல் பீர்மன் காட்டினார். அது ஒரு வழி. பிரபஞ்சத்தின் முதல் கணங்களிலேயே புலம் பிறந்துவிட்டது என்பது இன்னொரு வழி. இதையும் அவர்கள் விதை என்றுதான் சொல்கிறார்கள்.

அடுத்த வருஷம் கல்லணைக்குப் போய்த் திரும்பும்போது பஸ்ஸில் இதையெல்லாம் பெரியப்பாவிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். போர்செட் வரைக்கும் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

"சரி, தண்ணி கலக்கிக் கலக்கிப் பெருக்குது. மொத வெதய யாரு போட்டா?"

"அதத்தான் இன்னும் தேடிக்கிட்டு இருக்காங்க பெரியப்பா."

"எங்க தேடுறாங்க?"

கொத்துகளுக்கு வெளியே, எதுவும் கலக்காத வெற்றிடங்களில் தேடுகிறார்கள் என்றேன். கலங்கின இடத்தில் விதையைக் கண்டுபிடிக்க முடியாது, பயிர்தான் இருக்கும். பஸ் திருக்காட்டுப்பள்ளியைத் தாண்டியிருந்தது.